துவக்கும் துருவும்: வாசகர் கேள்வி – பதில்

மாரி பிடித்துவிட்டால் தோட்டத்தில் வேலை குறையும், வீட்டில் கை சும்மா இராது. பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருக்கும் பலர், "வீட்டோடு இருக்கிற நாளில் இதில் என்ன வேலை பார்க்கலாம்?" என்று எழுதியிருந்தார்கள். துடைப்பது, மரத்தைப் புதுப்பிப்பது, ஈரம் படாமல் வைப்பது எல்லாம் வீட்டு வேலைகள். விசைப் பெட்டிக்குள் கைவைப்பதும் தோட்டாவைப் பிரிப்பதும் வீட்டு வேலை அல்ல. அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தேங்காய் எண்ணெய் பூசியே வைக்கிறேன். அப்படியிருந்தும் குழலின் வெளிப்பக்கத்தில் கபிலப் புள்ளிகள் வருகின்றன. எண்ணெய் போதவில்லையா?
– ஒரு வாசகர், வேலணை

போதாமல் இல்லை, பூசிய எண்ணெயே பிழை. தேங்காய் எண்ணெய் நாட்போக்கில் காறும். காறும்போது அதில் பிறக்கும் அமிலம் இரும்பைத் தின்னும். நல்லெண்ணெய் அதைவிடத் தொல்லை. காற்றுப்பட்டுப் பிசினாக இறுகி, அடியில் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சமையலறையில் இருக்கும் எந்த எண்ணெயும் துவக்குக்கு வேண்டாம். தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் கனிய எண்ணெய். அது காறாது, இறுகாது, எந்தக் காட்வெயார்க் கடையிலும் கிடைக்கும்.

தீவுப்பகுதியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். வேலணையில் இரவு நேரத்தில் அதைத் தாண்டுவது புதினமல்ல. சோளகம் வீசும் மாதங்களில் வந்து படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளும், விரல் வியர்வையில் இருக்கும் உப்பும் இரும்பின் மேல் சிறு சிறு உப்புத் துளிகளாகின்றன. உங்கள் புள்ளிகள் கை பிடிக்கும் இடத்தில்தான் கூடுதலாக இருக்கும், பாருங்கள். உப்பை அகற்றாமல் அதன்மேல் எண்ணெய் பூசினால் துரு எண்ணெய்க்கு அடியிலேயே வளரும்.

எந்த வேலைக்கும் முன் ஒரு ஒழுங்கு உண்டு. தோட்டாக்கள் இருக்கும் பேணி வேறு அறையில், பூட்டுக்குள் இருக்க வேண்டும். குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, துவக்கை மடித்துத் திறந்து, தோட்டா இருக்கும் அறையைக் கண்ணால் பாருங்கள். பிறகு சின்ன விரலை விட்டும் பாருங்கள். இரட்டைக் குழலென்றால் இரண்டிலும். "போன முறை நானே வெறுமையாக்கி வைத்தேன்" என்ற ஞாபகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிறகு முன்கட்டை, குழல், பிடி என்று மூன்றாகக் கழற்றுங்கள். சொந்தக்காரர் கழற்றுவது அந்த மூன்றோடு முடிகிறது.

இனித் துரு. புள்ளிகளின் மேல் தையல் மெசின் எண்ணெய் தாராளமாக விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். அடுத்த நாள் பழைய செம்புச் சதக் காசு ஒன்றின் விளிம்பால், எண்ணெய் காயாமல், மெதுவாகச் சுரண்டுங்கள். துரு உதிரும் தன்மையுள்ளது, செம்பு உருக்கைவிட மெதுமையானது. அதனால் துரு பெயரும், குழலில் கீறல் விழாது. காந்தம் ஒட்டும் காசு என்றால் உள்ளே இரும்பு, அதைத் தொட வேண்டாம். காசு கிடைக்காவிட்டால் மிக நுண்ணிய உருக்குப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, ஒரு விரலின் பாரத்துக்கு மேல் அழுத்தாமல் தேயுங்கள். துரு கலந்த எண்ணெயைப் பழஞ்சீலையால் முழுக்கத் துடைத்து எடுத்த பிறகு புது எண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். விரல் வைத்தால் தடம் தெரியவேண்டும், வழியக்கூடாது. முழுக் குழலுக்கும் ஐந்தாறு துளி காணும்.

பழப்புளியோ தேசிக்காயோ கிட்டவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. குழலில் தெரியும் கருநீலம் பூசிய வர்ணமல்ல, இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்பாடாக ஒட்சியேற்றி எடுத்த படலம். புளியின் அமிலம் துருவையும் அந்தப் படலத்தையும் வேறு பிரித்துப் பார்க்காது. ஐந்து நிமிடத்தில் குழல் வெள்ளையாகிவிடும், அடுத்த மழையோடு முழுக்கத் துருப்பிடிக்கும்.

அப்பா வெடி வைத்துவிட்டு வந்தால் குழலுக்குள் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவுவார். நானும் அப்படியே செய்கிறேன். சரியா? குழலை உள்ளே துப்புரவாக்கும் முறையைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், சாவகச்சேரி

அவருடைய காலத்துக்கு அது சரி. கருமருந்து எரிந்து விடும் கசடு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பழைய தோட்டாக்களின் குதிக் கேப்பில் (அடி விழுந்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியில்) பொட்டாசியம் குளோரேற் இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைட் என்ற உப்பைக் குழலுக்குள் விட்டுவிடும், அதற்கும் தண்ணீர்தான் மருந்து. இப்போது வரும் புகையற்ற மருந்துத் தோட்டாக்களில் அந்த உப்புத் தொல்லை இல்லை. ஆகவே தண்ணீருக்கு வேலையும் இல்லை. அதுவும் நம்முடைய கிணற்றுத் தண்ணீர்! சவர்க்காரம் நுரைக்காத உவர்த் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றுவது உப்பைக் கழுவுவதல்ல, உப்பைக் கொண்டுபோய் வைப்பது. எப்போதாவது கழுவியே ஆகவேண்டுமென்றால் மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள், அல்லது பற்றறிக்கு விடும் வடிதண்ணீர்.

தேவையானவை: குழலைவிட ஒரு சாண் நீளமான துடைப்புக்கோல், 12 போர் (போர் என்பது குழல் அகலத்தின் அளவு; எண் கூடினால் குழல் ஒடுங்கும்) அளவுப் பித்தளைத் தூரிகை, 75 மி.மீ. சதுரமாக வெட்டிய பருத்திச் சீலைத்துண்டுகள் இருபது, குழல் கழுவும் சொல்வென்ற் அல்லது அது இல்லாவிட்டால் வடித்த மண்ணெண்ணெய், தையல் மெசின் எண்ணெய், பழைய பல்துலக்கி. பழைய வேட்டி அருமையான சீலை. பொலியெஸ்ரர் கலந்தது எண்ணெயை உறிஞ்சாது.

முதலில் பழைய பேப்பர்த்தாளின் அரைப்பக்கத்தைப் பந்தாகச் சுருட்டி, தோட்டா போடும் பக்கத்தால் விட்டுக் கோலால் வாய்ப்பக்கம் தள்ளுங்கள். தளர்ந்த கரியில் பெரும்பகுதி அதோடு வந்துவிடும், தூரிகையும் பிழைக்கும். எப்போதும் தோட்டா அறையிலிருந்து வாய்ப்பக்கமாகவே தள்ள வேண்டும். மறுபக்கமாகச் செய்தால் ஊத்தை முழுதும் தோட்டா அறைக்குள் வந்து சேரும். அடுத்து சொல்வென்ற் நனைத்த துண்டை ஒருதரம் ஓட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு தூரிகையைப் பத்துத் தரம், ஒவ்வொரு தரமும் முழுதாக வெளியே வரும்வரை. குழலுக்குள் நடுவழியில் திருப்பினால் மயிர்கள் மடிந்து தூரிகை பாழ். அதற்குப்பின் வரட்டுத் துண்டுகள், துண்டு வெள்ளையாக வரும்வரை. கடைசியில் எண்ணெய்த் துண்டு ஒருதரம்.

தூரிகை போட்ட பின்னும் தோட்டா அறைக்குச் சற்று முன்னாலும் வாய் ஒடுங்கும் இடத்திலும் சாம்பல் நிறக் கோடுகள் நிற்கும். அது துரு அல்ல. சன்னத்தின் ஈயமும், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் கிண்ணத்தின் எச்சமும். தூரிகையில் நுண்ணிய உருக்குப் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றிச் சொல்வென்ற்றோடு அந்த இடத்தில் மட்டும் இருபது தரம் ஓட்டினால் போகும். ஈயம் நஞ்சு. இந்த வேலையைக் குசினியில் செய்யாதீர்கள், விறாந்தையில் செய்யுங்கள். சிறுவர்களைத் தள்ளியிருக்கச் சொல்லி, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிய பிறகுதான் வெற்றிலையோ தேத்தண்ணியோ.

அடுத்த முறை சுடுவதற்கு முன் வரட்டுத் துண்டு ஒன்றை ஓட்டி, உள்ளே இருக்கும் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். மறந்துபோன சீலைத்துண்டு ஒன்று உள்ளே நின்றாலும் குழல் வெடிக்கப் போதும். ஆகவே துண்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

இரண்டு வருடமாக மூலையில் கிடந்த இரட்டைக்குழல். பாவிக்கத் தொடங்க முன் வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகர், கொடிகாமம்

முதலில் குளவி. சிரிக்க வேண்டாம். திறந்து கிடக்கும் குழலைக் கண்டால் மண்குளவி விடாது, ஒரு கிழமையில் இறுகிய மண்கட்டி வைத்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரியும். துடைப்புக்கோலால் தள்ளி எடுத்துத் துடையுங்கள். அதைத் தடுக்கவென்று குழல் வாய்க்குள் சீலை அடைக்கும் பழக்கமும் கூடாது. சீலை ஈரத்தை உள்ளே அடைக்கும், ஒருநாள் எடுக்க மறந்தும் போவீர்கள்.

கழற்றிய குழலை யன்னல் சட்டத்தை நோக்கிப் பிடித்து, கண்ணை மெல்ல மேலும் கீழுமாக நகர்த்துங்கள். உட்சுவரில் சட்டத்தின் நிழல் நேர்கோடாக ஓடவேண்டும். ஓரிடத்தில் மோதிரம் போலக் கருவளையம் தெரிந்தால் குழல் அங்கே வீங்கியிருக்கிறது. முன்பு எப்போதோ அடைப்போடு சுட்டதன் அடையாளம் அது. நிழல் உள்நோக்கி வளைந்தால் நெளிவு. இரண்டையும் வீட்டில் நிமிர்த்த முடியாது.

பிறகு காது. அடியில் இருக்கும் கொளுக்கித் துண்டில் ஒரு விரலைக் கொடுத்துக் குழலைத் தொங்கவிட்டு, விரல் மொழியால் தட்டுங்கள். சட்டிபானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே விசயம்தான். கணீரென்று இழுத்து ஒலித்தால் நல்லது. அதிர்கிற சத்தமோ செத்த சத்தமோ வந்தால் இரண்டு குழலையும் பிணைக்கும் பட்டையின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். அது சிறு சூட்டிலேயே உருகும் மென்பற்றாசு என்பதால்தான் இரட்டைக்குழலை நெருப்பில் காட்டவே கூடாது என்கிறோம்.

அடுத்தது, பூட்டின் தளர்ச்சி. முன்கட்டை இல்லாமல் குழலையும் பிடியையும் பூட்டி, பிடியைக் கக்கத்தில் அணைத்துக் குழலைப் பக்கவாட்டில் அசையுங்கள். "டக் டக்" என்று கேட்டால் மேற்கொண்டு சுட வேண்டாம்.

பழைய பிரித்தானியத் துவக்கென்றால் குழலின் அடியில் அதன் வலிமையைச் சோதித்து இட்ட முத்திரைகள் இருக்கும். குழலில் தண்ணீர் அலை போன்ற அல்லது பாய் பின்னல் போன்ற கோலம் தெரிந்தால் அது இரும்பும் உருக்கும் முறுக்கிச் செய்த தமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துச் சாமான், இன்றைய தோட்டாவுக்கு அதை நம்பக்கூடாது. அறையின் நீளத்தையும் பாருங்கள். பழையவற்றில் 65 மி.மீ. அறைகள் உண்டு, இப்போது கிடைக்கும் தோட்டாக்களில் பல 70 மி.மீ. அந்த நீளம் சுட்டபின் விரிந்த தோட்டாவின் நீளம், சுடுமுன் அது குறுகி இருக்கும். அதனால் 70 மி.மீ. தோட்டா சின்ன அறைக்குள்ளும் இலகுவாகப் போய்விடும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். "உள்ளே போகுது, அப்ப சரிதானே" என்ற நியாயம் இங்கே செல்லாது.

இவற்றில் ஒன்று பிசகினாலும் அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோங்கள், அனுமதிப்பத்திரமும் கையில் இருக்கட்டும்.

மரப்பிடி கறுத்து, பூட்டுக்குக் கிட்ட எண்ணெய் ஊறி, இடையிடையே பள்ளமும் விழுந்திருக்கிறது. நானே புதுப்பிக்கலாமா?
– ஒரு தச்சர், மானிப்பாய்

தச்சரான உங்களுக்கு இது பொழுதுபோக்குக்கு ஏற்ற வேலை. ஒரு கிழமை வேலையும் மூன்று கிழமைக் காத்திருப்பும். பிடியிலிருந்து இயந்திரப் பகுதியைக் கழற்ற வேண்டாம். உருக்கும் மரமும் சேரும் விளிம்புகளுக்கு இரட்டையாக ஒட்டுநாடா ஒட்டிவிட்டு வேலை பாருங்கள். காரணம் உங்களுக்கே தெரியும். மரம் உருக்கைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும்படிதான் செய்திருப்பார்கள், அந்த இடத்தைத் தேய்த்தால் பிறகு உருக்கு துருத்திக்கொண்டு நிற்கும், திருப்பி வராது.

கறுப்பு ஏன் பூட்டடியில் மட்டும்? துவக்கு வருடக்கணக்காக வாய் மேலே பார்க்க நின்றிருக்கிறது. குழலுக்கும் பூட்டுக்கும் விட்ட எண்ணெய் முழுதும் வடிந்து பிடியின் தலைக்குள் இறங்கியிருக்கிறது. அப்படி ஊறிய மரம் மெதுமையாகி, சுடும் உதைப்பில் வெடிக்கும். இனி வாய் கீழே பார்க்க வையுங்கள்.

ஊறிய எண்ணெயை எடுக்கச் சோக்குப் பொடியை மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, கால் அங்குலத் தடிப்பில் அப்புங்கள். காய்ந்து மஞ்சளானதும் தட்டிவிட்டுத் திரும்ப அப்புங்கள். நாலு தரமாவது வேண்டும், சிலதுக்குப் பத்தும் ஆகும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பாவிக்காதீர்கள். அது காரம், வால்நட் மரத்தை இன்னும் கறுக்க வைக்கும். ஸ்பிரிற் கிட்ட நெருப்பு இருக்கக்கூடாது.

மற்ற இடத்துப் பழைய வார்னிஷைப் பூச்சகற்றி போட்டு எடுங்கள். கண்ணாடித் துண்டால் சுரண்டினால் பிடியின் வளைவு கெடும். பூச்சுப் போனபின் பள்ளங்கள். ஈரச் சீலையை இரண்டாய் மடித்துப் பள்ளத்தின்மேல் வைத்து, நல்ல சூட்டில் இருக்கும் ஸ்திரிக்கைப் பெட்டியின் நுனியால் ஐந்து விநாடி அழுத்துங்கள். ஆவி நசிந்த நார்களுக்குள் போய் அவற்றை ஊதவைக்கும். மூன்று நாலு தரத்தில் பள்ளம் மேலே வரும். நார் அறுந்த வெட்டுக்காயம் வராது, அதை அப்படியே விட்டுவிடுவதே வடிவு. மக்கு நிரப்பினால் அது எண்ணெயைக் குடிக்காமல் வெள்ளைத் தழும்பாகத் தெரியும்.

ஒரு நாள் காயவிட்டு, 180, 240, 320 என்று சான்ட் பேப்பர், நாரின் ஓட்டத்தோடு, கட்டைத் துண்டில் சுற்றி. 320 முடிந்ததும் ஈரச்சீலையால் ஒருதரம் துடைத்தால் மயிர்நார்கள் எழும்பி நிற்கும். காய்ந்தபின் 400ஆல் அவற்றை வெட்டிவிடுங்கள். இரண்டு தரம் இப்படிச் செய்யாதவருக்குத்தான் முதல் மழையில் பிடி சொரசொரக்கும். பிடிக்கும் இடத்தில் செதுக்கிய கட்டம் இருந்தால் சான்ட் பேப்பர் அங்கே போகக்கூடாது, பல்துலக்கியும் ஸ்பிரிற்றும் மட்டும்.

பூச்சுக்கு போயில்ட் லின்சீட் ஒயில். பச்சை லின்சீட் காய நாட்கணக்காகும். முதல் பூச்சு பாதிக்குப் பாதி ரேப்பன்ரைன் கலந்து, மரம் குடிக்குமட்டும். இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். அடுத்தவை கலப்பில்லாமல், ஒரு பூச்சுக்கு முழுப் பிடிக்கும் ஒரு தேக்கரண்டி காணும். உள்ளங்கையால், கை சுடும்வரை தேய்க்க வேண்டும். பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள், மழை நாளில் இரண்டு. எட்டுப் பூச்சுக்குப் பிறகுதான் அந்த மங்கலான மினுக்கம் வரும். பிசுபிசுப்பு நின்றால் தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள். ரேப்பன்ரைன் சீலையால் துடைத்துவிட்டு அந்தப் பூச்சைத் திரும்பத் தொடங்குங்கள்.

லின்சீட் துடைத்த சீலையைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறி, நெருப்புக் குச்சி இல்லாமலே பற்றும். தச்சுக் கொட்டில் மரத்தூளோடு சொல்லவே வேண்டாம். முற்றத்துக் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர்ப் பேணிக்குள் அமிழ்த்துங்கள்.

கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில் ஊடுருவிய வெடிப்பு இருந்தால் மட்டும் பசை பூசி மறைக்காமல் திருத்துநரிடம் கொடுங்கள்.

துவக்கு வைக்கும் அலுமாரிக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு கோப்பை உப்பு வைக்கும்படி ஒருவர் சொன்னார். நல்லதா?
– ஒரு வாசகி, காரைநகர்

தங்கச்சி, அந்தக் கோப்பையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சுவது உண்மை. உறிஞ்சிக் கரைந்து, கசிந்து, துவக்கில் படுவதும் உண்மை. கடைகளில் விற்கும், தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சி டப்பாக்களுக்குள் இருப்பதும் பெரும்பாலும் கல்சியம் குளோரைட், அதுவும் அதே குணம்.

சிலிக்கா ஜெல் அரைக்கிலோ வாங்கி, பருத்திப் பையில் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். நிறம் மாறும் மணி என்றால் எப்போது காயவைப்பதென்று தெரியும். நீலமணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். 110 பாகை அளவில் இரண்டு மணித்தியாலம் ஒவனில் வைத்தால் திரும்ப நீலமாகும். ஒவன் இல்லாவிட்டால் தாச்சியில் மெல்லிய நெருப்பு. ஆனால் அந்தத் தாச்சி பிறகு சமையலுக்கு இல்லை, நீலத்துக்குக் காரணம் கோபால்ற் உப்பு. அலுமாரிக் கதவு நெருக்கமாக மூடாவிட்டால் சிலிக்கா யாழ்ப்பாணக் காற்று முழுதையும் காயவைக்கப் பார்த்து இரண்டு நாளில் களைத்துப்போகும். கதவு விளிம்பில் இறப்பர்ப் பட்டி ஒட்டுங்கள்.

அலுமாரியை வெளிச்சுவரில் முட்ட வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். சுண்ணக்கல் சுவர் மாரியில் ஈரம் கசியும். துணி உறைக்குள், சாக்குக்குள், பஞ்சு வைத்த பைக்குள் போட்டு நாட்கணக்கில் வைப்பதுதான் துருவுக்குப் பாய் விரிப்பது. உறை வழிப்பயணத்துக்கு மட்டும். பூட்டின் திறப்பு துவக்குக்குப் பொறுப்பானவரிடம், தோட்டாவின் திறப்பு வேறு இடத்தில்.

கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதி அறைக்குள் போகவில்லை. வெயிலில் காயவைத்துச் சுரண்டிப் போடலாமா? வெறும் தோட்டாவை வீட்டில் நிரப்பவும் முடியுமா?
– ஒரு வாசகர், அச்சுவேலி

இரண்டுக்கும் இல்லை. சுரண்டிய தோட்டா சுட்டபின் அறைக்குள் இறுகும் அல்லது பிளக்கும். ஈரம் குடித்த மருந்து அரைகுறையாக எரிந்து சன்னத்தைக் குழலின் நடுவில் விட்டுவிடும், அடுத்த வெடியில் குழல் போகும். ஊதியவற்றைத் தனியே வைத்து, பொலிஸ் நிலையத்தில் அறிவித்து ஒப்படையுங்கள். நிரப்புவது பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களுக்குக் கிடைத்திருப்பது துவக்கு வைத்திருக்கும் அனுமதி, தோட்டாத் தொழிற்சாலைக்கான அனுமதியல்ல. இடியன் துவக்கை (குழல் வாயால் மருந்திட்டு இடிக்கும் நாட்டுத் துவக்கை)த் திருத்துவது பற்றிக் கேட்ட மூவருக்கும் இதே பதில்.

வீட்டில் 12 போரும் 20 போரும் இரண்டும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பேணியில் போடாதீர்கள். 20 போர்த் தோட்டா 12 போர் அறையில் நழுவி முன்னால் போய்க் குழலுக்குள் இறுகும். மேலே பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும், பின்னால் இன்னொன்றைப் போடுவீர்கள். 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்ததே இதனால்தான்.

கிணறு இறைத்தபோது பாசி பிடித்த றைபிள் ரவைகள் ஏழெட்டும் ஒரு துருப்பிடித்த இரும்புருண்டையும் வந்தன. ரவைகளைப் பழப்புளி போட்டு மினுக்கித் திறப்புக்கோர்வை செய்யலாம் என்கிறான் மகன்.
– ஒரு வாசகர், தெல்லிப்பழை

மகனைத் தடுங்கள். இருபது முப்பது வருடம் தண்ணீரில் கிடந்தால் மருந்து செத்துவிடும் என்பது பிழை. குதிக் கேப்பும் வெடிமருந்தும் ஈரத்தில் உறங்கி, காய்ந்ததும் எழும்பும். சில பழைய வெடிக்கும் பொருட்கள் செம்போடும் ஈரத்தோடும் கிடந்து முன்பைவிட இலகுவில் வெடிப்பவையாக மாறுவதுமுண்டு. மினுக்குவது, அராவுவது, துளைபோடுவது, வெயிலில் வைப்பது எல்லாமே அதைச் சீண்டுவதுதான். இரும்புருண்டை என்ன என்று வெளித்தோற்றத்தில் யாரும் சொல்ல முடியாது, ரவைகளைவிட அதுதான் எங்களுக்குப் பயம்.

இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாளிக்குள் போடுவதோ திரும்பக் கிணற்றுக்குள் எறிவதோ வேண்டாம். சுற்றிவரத் தடியும் கயிறும் கட்டி, பிள்ளைகளையும் ஆட்டையும் மாட்டையும் தள்ளி வைத்து, 119க்கோ கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கோ சொல்லுங்கள், கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். கிணறு இறைக்கும் வேலையை அவர்கள் வந்து பார்க்குமட்டும் நிறுத்துங்கள். ஒன்று வந்த கிணற்றில் இன்னொன்றும் இருக்கலாம்.

நான் 10 மீற்றர் எயார் றைபிள் பழகுகிறேன். துவக்கு கழகத்தில் பூட்டியிருக்கும். விடுமுறையில் வீட்டில் எப்படிப் பயிற்சி எடுப்பது?
– ஒரு மாணவி, நல்லூர்

இந்த மாதம் வந்ததில் எங்களுக்குப் பிடித்த கேள்வி. துவக்கு இல்லாமலே நிற்கப் பழகலாம், பிள்ளை. நின்று சுடும் இந்தப் போட்டியில் பெரும்பங்கு இடுப்பிலும் முழங்கையிலும்தான்.

75 மி.மீ. அகலம், 50 மி.மீ. தடிப்பு, 1 மீற்றர் நீளமான வேப்பம் பலகை ஒன்று எடுங்கள். அது இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும். போட்டித் துவக்கின் உச்சநிறை 5.5 கிலோ, தொடங்குபவருக்கு 4 போதும். மீதி நிறையை இரண்டு சீலைப் பைகளில் மணலாகக் கட்டி, ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் நகர்த்தி, இடக்கை தாங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பாரம் சமனாகும்படி இறுக்குங்கள். முன்முனையில், மேற்பக்கத்தில், 4 மி.மீ. ஆணிக்குரிய வாஷர் ஒன்றை நிமிர்த்தி ஒட்டுங்கள். அதன் துளை 4.3 மி.மீ. இருக்கும். கண் வைக்கும் பக்கத்தில் கறுப்பு மட்டையில் 1.2 மி.மீ. துளையிட்டு ஒட்டுங்கள். இரண்டு துளையும் பலகையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கும் வாஷருக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வந்தால் சரி.

இலக்கை நீங்களே கீறலாம். உண்மையான இலக்கில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம், நடுவில் 10இன் புள்ளி வெறும் 0.5 மி.மீ., ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 மி.மீ. கூடும். வீட்டில் 10 மீற்றர் கிடைப்பது கடினம். 5 மீற்றரில் நிற்பதென்றால் எல்லாவற்றையும் பாதியாக்கி, கறுப்பை 15 மி.மீ. சொச்சமாகக் கீறுங்கள். தூரத்தை இலக்கிலிருந்து கண்ணுக்கு அளக்க வேண்டும், காலுக்கல்ல. நடுப்புள்ளி நிலத்திலிருந்து 1.4 மீற்றரில் ஒட்டுங்கள். வாஷர் துளைக்குள் கறுப்பு வட்டமும் அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையமும் தெரிந்தால் அளவுகள் பொருந்திவிட்டன.

இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, பலகையைத் தூக்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, எட்டு விநாடி பிடியுங்கள். பிறகு இறக்குங்கள். இருபது தரம், இடையில் அரை நிமிடம். எட்டு விநாடியைத் தாண்டினால் கண்ணில் பழைய படம் ஒட்டிக்கொள்ளும், நடுக்கத்தையும் உணரமாட்டீர்கள். வட்டம் எப்போதும் ஒரே பக்கம் விலகினால் கையால் இழுத்துத் திருத்த வேண்டாம், பின்காலை ஒரு விரற்கடை நகர்த்துங்கள். இரண்டு கிழமைக்குப் பின் நாற்பது தரம், பிறகு அறுபது. போட்டியிலும் 75 நிமிடத்தில் அறுபது வெடிதான்.

பலகையைத் துவக்கு வடிவில் செதுக்கவும் கறுப்புப் பெயின்ற் அடிக்கவும் ஆசை வரும். எங்கள் ஊரில் அதோடு படலைக்கு வெளியே போனால் யாருக்கு என்ன விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது? பலகை பலகையாகவே இருக்கட்டும். மணல் பைகளை மட்டும் மழைக்கு முன் அவிழ்த்து உலர்த்துங்கள், ஈரமானால் நிறை கூடி உங்கள் சமநிலை பிழைக்கும்.